அகலமான கூடம்

காலை ஒன்பது பத்துக்கு அந்த வீட்டின் முன் நின்றபோது நான் முதலில் பார்த்தது மின்சார மீட்டர். பூட்டிக் கிடக்கிற வீடு என்று தரகர் சொல்லியிருந்தார். மீட்டரின் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பின்னால ஒரு பல்பு எரியுது மேடம். ஆள் இல்லாத வூடுன்னு தெரியக்கூடாது பாரு, அதுக்கு" என்றார் தரகர். சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் சென்னையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன், சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அன்று மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்கு வந்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் கல்பாக்கம் அணுமின் நிலையத்து ஊழியர் குடியிருப்பான அணுபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்கள். அப்பா ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் இருந்தார். சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

வீடு தேடுவதில் ஓர் அவசரம் இருந்தது. அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம். இடது கண் போய்விட்டது. வலது கண் சொட்டு மருந்தில் நிற்கிறது, ஆனால் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பார்வை இருக்கும்போதே ஒரு வீட்டில் குடியேறி அதைப் பழகிக்கொள்ளுங்கள், பிறகு கண் இல்லாவிட்டாலும் கால் வழி சொல்லும் என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். பெரிய வீடாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒருக்களித்து நடந்தே காலத்தை ஓட்டியவர் அவர்.

இது கோர்ட்டுக்குப் பின்னால் உள்ள பழைய தெரு. வக்கீல்களும் ரயில்வே அதிகாரிகளும் கட்டிய வீடுகள். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். வீட்டுக்காரர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய். பிள்ளைகள் சென்னையில் தொழில் தொடங்கி அவரையும் அழைத்துக்கொண்டதால் விற்கிறார்.

"இது வூடு இல்ல சார், பங்களா" என்றார் தரகர். "இந்த மாரி செவுரு இன்னிக்கு எவன் கட்றான்? தட்டிப் பாரு. கை நோவும், சத்தம் வராது."

நான் வேறு பக்கம் பார்த்தேன். பத்திரிகை வேலை கற்றுக்கொடுத்த பழக்கம் அது. காட்டுகிற இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து இடத்தைப் பார்ப்பது. முன்னறையின் உத்தரங்களில் ஒன்றுக்கு மட்டும் புது வார்னிஷ் அடித்திருந்தார்கள். அதன் முனையில், சுவரோடு சேரும் இடத்தில், மண்கோடு ஒன்று ஊர்ந்து மேலே போயிருந்தது. கரையான். அது பழையதா, உயிரோடு இருப்பதா என்று தெரிய வேண்டும். சுவரின் அடியில் கணுக்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வருமா என்று தரகரிடம் கேட்டேன்.

"ஏரியே ரொம்பினாலும் இங்க வராது மேடம். இது மேட்டு நெலம்."

"பிறகு ஏன் பூத்திருக்கு?"

"பழைய செவுரு கொஞ்சம் வேர்க்கும். நமக்கு வேர்க்கல?"

அம்மா வாசலில் கால் வைத்ததிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். "வாசப்படி ஒசரமா வச்சிருக்காவ, பாத்தீயளா. இங்கன ஒரு படி இறங்குது. இடது கைப்பக்கம் சன்னல், மூணு சன்னல். வலது கைப்பக்கம் ஒரு ரூம்பு. கதவு உள்ளாற தொறக்குது." நடையில் நுழைந்ததும், "மேல பச்சையும் செகப்புமா கண்ணாடி பதிச்சிருக்காவ" என்றாள்.

அப்பா தலையை நிமிர்த்தி, "ஜோரா இருக்கு" என்றார்.

தரகர் சிரித்தார். "இன்னா சார், அம்மா ரேடியோ கணக்கா பேசிக்கினே வர்றாங்க."

"பாக்க வந்த வீட்ட வாயை மூடிக்கிட்டா பாக்க முடியும்?" என்றாள் அம்மா. "நீங்க சாவியைச் சுத்துதத நிப்பாட்டுங்க. எனக்குத் தலை சுத்துது."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. வீடு பிடித்துப்போன சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்துக்கு வந்ததும் எல்லோருமே ஒரு கணம் நின்றோம். எங்கள் குவார்ட்டர்ஸை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு பெரியது. சிவப்புக் காவித் தரை. நடுவில் திறந்த முற்றம், முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. நான்கு மூலையிலும் நான்கு தேக்குத் தூண்கள். முற்றத்தின் விளிம்புக்கும் அதே காவி பூசியிருந்ததால் தரை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பது சற்று உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. கம்பி, தடுப்பு எதுவும் இல்லை. ஒரு நாற்காலிகூடக் கிடக்காத வீடு என்பதால் யார் பேசினாலும் குரல் நான்கு பக்கமும் மோதித் திரும்பி வந்தது.

தரகர் எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் இறைத்து ஆளுக்கு ஒரு கை ஊற்றினார். "இளநி தோத்துடும்" என்றார். பொய் இல்லை. நல்ல தண்ணீர். திரும்பி வந்ததும் அம்மாவைச் சமையலறை காட்ட அழைத்துப்போனார். அப்பா கூடத்துத் தூண் ஒன்றைப் பிடித்தபடி நின்றுகொண்டார். நான் முன்னறைக்குப் போய் அந்த மண்கோட்டை என் விடுதி அறைச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் பூச்சிகள் நெளிந்தன. உயிருள்ள கரையான். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று கூடத்துக்கு வந்தேன்.

அப்பா தூணை விட்டு விலகி, கூடத்தின் நடுப்பக்கமாகத் தனியாக நின்றிருந்தார். கைகளை உடம்போடு வைத்திருந்தார், விரல்கள் மட்டும் விரிந்திருந்தன. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது, ஆனால் எல்லாத் திசையிலிருந்தும் கேட்டது. அப்பா முகத்தை ஒரு பக்கம் திருப்பினார், பிறகு மறுபக்கம்.

"அப்பா" என்றேன்.

அவர் எனக்கு முதுகு காட்டித் திரும்பினார். என் குரல் மோதித் திரும்பிய பின்சுவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தார். அந்தப் பக்கம் முற்றம்.

"நில்லுங்கப்பா."

நின்றார். வலது பாதத்தின் விரல்கள் விளிம்பைத் தாண்டி வெளியே இருந்தன. நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன்.

"முத்தம் எம்புட்டு ஆழம்னு பாத்தேன்" என்றார்.

"முழங்கால் அளவுதான்."

"ஆமா. தெரியுது."

தூணருகே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், ஏதோ தேக்கின் தரத்தைச் சோதிப்பவர் போல.

அம்மாவைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனேன். எதையும் விளக்கவில்லை. "எவ்வளவு தெரியுது அவருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மா கிணற்றுக்குள் பார்த்தாள். "வெளிச்சமா இருட்டான்னு தெரியும். ஆளு நின்னா நெழலாத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"பங்குனியிலேயே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுட்டு வந்து நிப்ப. அவுக சத்தியம் வாங்கிட்டாக." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "குவார்ட்டர்ஸ்ல கஷ்டமே இல்ல. எதைத் தொட்டா எது வரும்னு அவுகளுக்கு அத்துப்படி. இங்கனயும் பழகிக்கிடலாம். நான் இருக்கேன்லா. சொல்லிக்கிட்டே இருப்பேன்."

அவள் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தது என்ன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் மனம் தச்சரும் கொத்தனாருமாக வேலை செய்தது. முற்றத்தைச் சுற்றிக் கம்பி போடலாம். கூடத்தின் குறுக்கே பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு ஒரு பாதை செய்யலாம். முற்றத்தையே மூடித் தளம் போடலாம். போட்டாலும் அந்த அகலம் அப்படியே இருக்கும். நடுவில் நிற்கிறவர் கைக்கு எதுவும் எட்டாது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவள் கடைக்குப் போகும் நேரத்தில் யார் பேசுவார்கள்? அவள் தூங்கும்போது? நான் சைதாப்பேட்டையில் இருந்தேன்.

உள்ளே வந்தபோது தரகர் அப்பாவிடம் நெருக்கிக்கொண்டிருந்தார். "தாம்பரத்துப் பார்ட்டி ஒண்ணு நாளைக்கு வருது சார். பாய் வாக்குக் குடுத்துட்டாருன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கே அட்வான்ஸ் போட்டா வூடு உன்னுது."

கரையானைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கரையானுக்கு மருந்து இருக்கிறது, அதைத் தரகர் உடனே சொல்லிவிடுவார். வேறு எதைச் சொன்னாலும் அது அப்பாவைப் பற்றிய பேச்சாகிவிடும். அப்பா தூணிலிருந்து கையை எடுக்கவில்லை. முகம் முற்றத்து வெயிலின் பக்கம் இருந்தது.

"வீடு நல்ல வீடுதான்" என்றார் அப்பா. "தண்ணிதான் உப்பா இருக்கு."

"இன்னாது?" என்றார் தரகர். "கல்கண்டு மாரி கீது சார். இந்தத் தெருவே இந்தக் கெணத்துலதான் டீ போடுது. இன்னா பேஜாரு பண்ற?"

"எனக்கு உப்பாத்தான் இருந்துச்சு."

தரகர் அம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"லேசா உப்பு கரிக்கத்தான் செய்யுது" என்றாள் அம்மா.

கடைசியாக அவர் என்னைப் பார்த்தார். படித்தவள், பத்திரிகையில் எழுதுகிறவள், உள்ளதைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். "ஆமாம், உப்பு" என்றேன்.

"குடும்பமே நாக்கைக் கழட்டி வச்சிட்டு வந்துகீறீங்கோ" என்றார். கோபமில்லை; சலிப்புதான். சாவியை மறுபடி விரலில் மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டப் போனார்.

பேருந்து நிலையம் வரை நடந்தோம். அம்மா பேசவில்லை. நான் அப்பாவின் இடது பக்கம் நடந்தேன். சாக்கடைப் பலகை ஒன்று வந்தபோது, "இங்க பலகை இருக்கு" என்றேன். அப்பா சற்று நேரம் கழித்து, "சரி" என்றார். யாருக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

தரகர் இரண்டு முறை என் அலுவலகத்துக்கு போன் செய்தார். விலையைக் குறைக்கப் பாய் சம்மதிக்கிறார் என்றார். தண்ணீரைப் பற்றியே நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் கூப்பிடவில்லை.

ஐப்பசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். ரயில் நிலையத்துக்குத் தெற்கே, ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. அதன் கூடத்தில் அப்பா நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் எட்டும்.