மாமா கேட்ட வெளிச்சம்

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறுகளில் அவர் சொந்தமாக டாக்ஸி ஓட்டினார். நான் வில்லாபுரத்தில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தேன். தன் காரின் ஒயரிங்கில் என்னைத் தவிர வேறு யாரையும் கை வைக்க அவர் விடமாட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு அந்தக் காருக்குப் புதுப் பெயின்ட் அடித்தார். பெயின்டர் இழுத்தடித்து, பூஜைக்கு முந்தின சாயங்காலம்தான் காரை விட்டார். கழற்றியிருந்த ஹெட்லைட்டுகளை நான் மாட்டினேன். ஹெட்லைட் இரண்டுக்கும் பொதுவாக எர்த் ஒயர் என்று ஒன்று உண்டு. பல்புக்குப் போன கரண்ட் காரின் தகரம் வழியாக பேட்டரிக்குத் திரும்புவது அதனால்தான். அதை மட்கார்டின் உள்பக்கம் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம் இது.

ஆனால் என் அரம், உப்புத்தாள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துப் பூஜைக்குப் பரப்பியாகிவிட்டது. பூஜையில் வைத்ததை நாங்கள் எடுக்க மாட்டோம். விடிந்தால் மாலை போடப்போகிற காரைச் சுரண்டவும் மனம் வரவில்லை. மாமாவின் ஸ்பேனரை வாங்கிப் பெயின்டின் மேலேயே இறுக்கினேன். பூஜை முடியட்டும், அப்புறம் சுரண்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போல்ட்டின் மரை தகரத்தைத் தொட்டதில் லைட் அப்போதைக்கு நன்றாகவே எரிந்தது. நான் மறந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் மாமா கடைக்கு வந்தார். பொழுது இறங்கினால் ரோடு தெரியவில்லை என்றார். நான் கண்ணாடியைத் துடைத்தேன், பல்பு இரண்டையும் மாற்றினேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறுமுனையை பல்புக்கு வரும் ஒயரில் வைத்தேன். பன்னிரண்டு காட்டியது. கரண்ட் வருகிற வழியைப் பார்த்தேனே தவிர, திரும்புகிற வழியைப் பார்க்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தார். மறுபடியும் பட்டப்பகலில் பார்த்து அனுப்பினேன்.

மூன்றாம் முறை வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"மாப்ள, ஒரு தடவ பொழுது சாஞ்சப்புறம் என் கூட வந்து உக்காரு. அலங்காநல்லூர் வரைக்கும் போயிட்டு வருவோம். நீயே பாரு."

நான் போகவில்லை. எனக்குச் சோம்பல். அதற்கு மேல் திமிர். அவருக்கு ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை இருந்தது. சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். கண் டாக்டர் கண்ணில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதையும் நான் நம்பவில்லை.

பிறகு ஒருநாள் பொழுது மயங்கும் நேரத்தில், கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றி வந்தவர் திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் காரை வாய்க்காலில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. மறுநாள் காலையில் நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கேட்டேன்.

"கண்ணு இல்ல மாப்ள. லைட்டுதான்டா."

"ஒத்துக்கங்க மாமா. லைட்டப் பாக்குறது என் தொழிலு. எனக்குத் தெரியாதா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தார். இருபது வருடம் ஓட்டிய மனிதர். அதன்பின் கல்யாண மண்டபம் ஒன்றில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். அங்கே வருகிற கார்களுக்குக் கையை அசைத்து நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். கண் கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது. தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைப் படித்துச் சொல்வார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அக்கா காரை விற்கச் சொன்னாள். ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக் கொட்டகையில் புது பேட்டரி மாட்டி லைட்டைப் போட்டேன். எதிர்ச்சுவரில் அழுக்கு மஞ்சளாக ஏதோ விழுந்தது. அந்த வெளிச்சத்தில் எருமை நின்றாலும் தெரியாது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை நீட்டி லைட்டின் எர்த்தில் தொட்டேன். சுவர் வெள்ளையாகிவிட்டது.

போல்ட்டைக் கழற்றினேன். அடியில் அந்த வருடத்துப் பெயின்ட். சுற்றி வளையமாகத் துரு. சுரண்டி இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை.

அக்கா எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இம்புட்டு வெளிச்சம் அதுல இருந்துச்சாடா?"

நான் போல்ட் போட்டதை, பெயின்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நானும்ல அவருக்குக் கண்ணு போச்சுன்னு நம்பிட்டேன்" என்றாள்.

லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.