வெள்ளவத்தைக் கால்வாயில் பனி உருகிய காலை

மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியின் வாசனை, ஈரச் சாக்கும் அறுத்த பலகையும் கலந்த அந்த வாசனை, எங்காவது மூக்கில் பட்டால் இப்போதும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெட்டிக்காரப் பிள்ளை என்று வகுப்பில் பெயரெடுத்திருந்த வயதில், மீன்களை ஏமாற்றுவதற்காக கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாயில் ஐஸ் போட்டவன் நான்.

பழி ஓர் ஆங்கிலச் சஞ்சிகையைச் சேரும். நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடைத்த அதில், வாத்தின் அலகும் முதலையின் பல்லுமாக 'நோர்தன் பைக்' என்றொரு மீனின் படம் இருந்தது. வசந்தத்தின் தொடக்கத்தில், ஏரியில் உறைந்த பனி உருகும் முதல் நாட்களில், அது பசியோடு கரையோரக் களைகளுக்குள் வந்து நிற்குமாம். ஆழமில்லாத தண்ணீர், களை, பசி எல்லாம் எங்கள் கால்வாயிலும் இருந்தன. வடக்கு மீனுக்கு வெள்ளவத்தையில் என்ன வேலை என்ற ஐயம் எனக்கு எழவேயில்லை. எங்கள் குடும்பமே வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறியதுதானே. குறையாக இருந்தது பனி மட்டும்தான்.

அதைக் கொண்டுவர என் கூட்டாளி ரிஸ்வான் இருந்தான். அவனுடைய வாப்பா பிரதான தெருவான காலி வீதியில் 'கூல் பார்' என்ற குளிர்பானக் கடை வைத்திருந்தார்; அங்கே ஐஸ் சாக்கில்தான் வரும். அந்த விடுமுறை முடிவதற்குள் அவர்கள் குடும்பத்தோடு டுபாய்க்குப் போய்விடுவதென்று முடிவாகியிருந்தது. அதற்குமுன் இருவருமாக ஒரு பைக் மீனைப் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் பயணம் எப்படியோ நின்றுபோகும். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, நம்பினோம்.

கால்வாயின் மேல் புகார் மூடுபனியாய்ப் படுத்திருந்த ஒரு விடியலில், ஐஸ் கட்டியைச் சுற்றியிருந்த சாக்கை அவன் அவிழ்த்தான்.

"இது காணுமாடா?"

"ஓமடா. பனி உருகுதெண்டு மீனுக்கு ஒரு எண்ணம் வந்தாக் காணும்."

"வாப்பாக்குத் தெரிஞ்சா எனக்கும் சில எண்ணம் வரும்," என்றான் ரிஸ்வான்.

கட்டி ஒருமுறை முங்கி எழுந்து, மரத்தூளை உதிர்த்துவிட்டு, கண்ணாடிப் படகுபோல மெல்லத் திரும்பியது. அதிலிருந்து வெள்ளைப் புகை எழும்பிப் புகாரோடு கலக்க, கடற்கரை ரயில் எங்கோ தூக்கத்தில் முனக, அந்தக் கறுத்த தண்ணீர் ஒரு குளிர்நாட்டு ஏரியாகிவிட்டதை நான் என் கண்ணால் கண்டேன். இன்றுவரை நான் போய்வந்த ஒரே வெளிநாடு அதுதான்.

அம்மாவின் திரைச்சீலைக் கம்பிதான் தூண்டில், நெத்தலிதான் இரை. தக்கை திடீரென்று அமிழ்ந்தது. நான்கு கைகளால் இழுத்தோம். களைகளை விலக்கிக்கொண்டு தட்டையான நீள மூக்கொன்று மேலே வந்தது.

"பைக்," என்றான் ரிஸ்வான், பள்ளிவாசலில் பேசுகிற குரலில்.

பைக் கழுத்தை உயர்த்தி, பிளந்த நாக்கை நீட்டி, எங்களை ஒருமுறை பார்த்தது. கபரகொய்யா. கொழும்புக் கால்வாய்களுக்கெல்லாம் சொந்தக்காரரான அந்தப் பெரிய நீருடும்பு, அவசரமேதுமின்றி, நெத்தலியோடு கம்பியையும் பறித்துக்கொண்டு அக்கரைக்குப் போனது. எங்கள் பனி ஒரு கைப்பிடியளவாகிப் பாலத்தின் கீழே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அந்தச் சீவன் தன்ர வீட்டு யன்னலுக்குத் திரை போடட்டும்," என்றார் அம்மா. "நீ போய்ப் படி."

சில நாட்களில் ரிஸ்வான் போய்விட்டான். டுபாயிலிருந்து பிறகு கனடாவுக்கு.

கூல் பார் இருந்த இடத்தில் இப்போது கைபேசிகள் விற்கிறார்கள். சாக்கில் வரும் ஐஸைக் கண்டு எத்தனையோ காலமாயிற்று. கால்வாய்க் கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். டாக்டர் சொன்னதற்காக நானும் அதில் நடக்கிறேன். கபரகொய்யாக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. எதிர்ப்பட்டால் நான்தான் ஒதுங்கி வழிவிடுகிறேன்.

போன ஏப்ரலில் அங்கே நடந்துகொண்டிருந்தபோது ரிஸ்வான் வீடியோவில் அழைத்தான். நரைத்த தாடி, பின்னால் பாதி உருகிய ஏரி, இரு கைகளிலும் வாத்தின் அலகு, முதலையின் பல்.

"மச்சான், புடிச்சாச்சி."

வெயிலுக்குள் நின்று, அந்த ஏரியிலிருந்து எழும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நானே அழைத்து, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சமைச்சோம். ஒரே முள்ளு மச்சான்," என்றான். "எங்கட கபரகொய்யாவும் தின்னாது."