செத்த சங்கின் எண்

அணை அலுவலகத்தில் அவளுக்குத் துயிலெழுப்பி என்று பெயர். மின்சாரம் போய் வந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எந்த நிரல் முதலில் எழ வேண்டும், எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்டுகளைப் பராமரிப்பது அவள் வேலை. ஊரை எழுப்புகிறவளை எழுப்ப ஒரு வாளித் தண்ணீர் செலவாகிறது என்பான் கணவன்.

கம்ப்யூட்டர்களிலும் இரண்டு சாதி இருந்தது. அதிகாரிகள் குடியிருக்கும் மேட்டுத் தெருக்களில் வெள்ள அபாயச் சங்கை இயக்கியவை புதியவை. அங்கே கழித்துக்கட்டியவை ஆற்றங்கரைக்கும் ஆற்று வளைவுக் குடியிருப்புக்கும் போயின. தண்ணீர் முதலில் நுழையும் இடத்துக்கு ஏன் ஓட்டை உடைசல் என்று கேட்க அந்தப் பகுதிக்காரர் யாருக்கும் அலுவலகத்தில் நாற்காலி இல்லை.

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. சங்கு நிரல் தன் எண்ணை ஒரு கோப்பில் போட்டு வைக்கும். புதிய கம்ப்யூட்டர் மறுபடி எழும்போது அந்தக் கோப்பைத் தானே துடைத்துவிடும், பழையது துடைக்காது. மின்வெட்டில் செத்த சங்கின் எண் அங்கேயே கிடக்கும். மின்சாரம் வந்ததும் அதே எண் வேறொரு நிரலுக்குப் போய்ச் சேரும். ஸ்கிரிப்ட் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த எண் உயிரோடு இருக்கிறது, ஆகவே சங்கு ஓடுகிறது என்று அதை எழுப்பாமல் சும்மா இருந்துவிடும். அதற்காகவே பழையவற்றுக்கு, அந்தக் கோப்பை முதலில் துடைக்கும் தனி ஸ்கிரிப்ட் ஒன்றை அவள் வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று மேலாளர் அதை எடுக்கச் சொன்னார். வாதாடிப் பார்த்தாள். எல்லாம் பச்சையாகத்தானே எரிகிறது என்று, ஓடும் சங்குகளைப் பச்சையில் காட்டும் திரையைச் சுட்டி வாயை அடைத்தார். அவள் அதை எடுத்துவிட்டாள்.

நாள்கணக்கில் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு நாள், மதியத்துக்கு மேல் மதகுகளைத் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். திரையில் எல்லாச் சங்கும் பச்சை. அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆற்றங்கரையில் குடியிருக்கும் தம்பி மனைவிக்குப் போன் செய்து, தினமும் நண்பகலில் ஊதும் சோதனைச் சங்கு கேட்டதா என்றாள்.

“எங்க அண்ணி? அது ஊதி ரொம்ப நாளாச்சு. மழையில அதுக்கும் தொண்டை கட்டிக்கிச்சுன்னு பேசிக்கிட்டோம்.”

மேலாளரிடம் ஓடினாள். ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும் எதையும் மேலிடத்து அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்றார் அவர். பேசிக்கொண்டிருக்கும்போதே மதகு திறந்துவிட்ட செய்தி வந்தது. அவள் தன் இருக்கைக்குத் திரும்பி, யாரையும் கேட்காமல், ஆற்றங்கரைக் கம்ப்யூட்டரில் கிடந்த அந்தச் செத்த எண்ணை அழித்துச் சங்கைக் கையால் எழுப்பினாள். துண்டிக்காமல் வைத்திருந்த போனில் அது நீளமாக ஓலமிட்டது.

“ஊதுது அண்ணி.”

“பிள்ளைங்கள தூக்கிட்டு மேட்டுக்கு ஏறு. அடுப்ப அணைக்கக்கூட நிக்காத. போற வழியில எல்லாக் கதவையும் தட்டு.”

அடுத்தது வளைவுக் குடியிருப்பு. மழையில் இணைப்பு அறுந்திருந்தது. எத்தனை முறை தட்டியும் அந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை. திரையில் மட்டும், கடைசியாக வந்த தகவலின்படி, பச்சை எரிந்தது.

எழுந்து நின்று கேட்டாள்: “வளைவுல யாருக்காவது தெரிஞ்சவங்க இருக்காங்களா? ஒரு போன் நம்பர் போதும்.”

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் மேட்டுக்காரர்கள். ஒருவர் கையும் செல்போனை நோக்கிப் போகவில்லை.