காஜா பெராங் சரிவில் ஜன்னலில்லாத சுவர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், ஒரு காலை பஸ்ஸில் கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் புறப்பட்டேன். தொண்ணூறு மைல், டிக்கெட் மூன்று வெள்ளி. கட்டட நிறுவனமொன்றில் பிளான் வரைவது என் தொழில். மலாக்காவில் கனி ராவுத்தர் என்ற துணி வியாபாரி, காஜா பெராங்கில் ஒரு சரிவான நிலத்தில் மூன்றடுக்கு வீடுகள் கட்ட விரும்பினார். இரண்டு நிபந்தனைகள் சொல்லியிருந்தார். வீடுகள் மின்விசிறி இல்லாமலே குளிர்ச்சியாக இருக்க வேண்டும்; மின்சாரச் செலவை அவரே வாடகையில் ஏற்கப்போகிறாராம். ஆனால் கடல் பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கூடாது. காற்று வேண்டும், அது வரும் வழி மட்டும் வேண்டாம்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சுங்கத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுவாக்கில் அவரிடம் இதைச் சொன்னேன்.

"கடல் பக்கம் ஜன்னல் இல்லேன்னா அது வீடு இல்ல சார், கிடங்கு. படகுல வர்ற சாமான் வெளிய தெரியக்கூடாதுல்ல," என்றார்.

அவர் வழியில் தம்பினில் இறங்கிக்கொண்டார். அவர் சொன்னது என்னோடு மலாக்கா வரை வந்தது.

மதியம் ராவுத்தர் குடையோடு காத்திருந்தார். "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று விசாரித்து, சாப்பிட வைத்து, காஜா பெராங்குக்கு அழைத்துப் போனார். நிலம் நல்ல நிலம். தெற்கே கடலை நோக்கி இறங்கும் சரிவு. மண்ணை வெட்டிச் சமப்படுத்தத் தேவையில்லை. கட்டடத்தைச் சரிவின் குறுக்கே நீளமாக வைத்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கச் சுவர்களில் மட்டுமே அடிக்கும். மேல் தெருவிலிருந்து நுழைகிறவன் நேராக நடு மாடிக்கு வந்துவிடலாம். எல்லாம் கூடி வந்தது, அந்தத் தெற்குச் சுவரைத் தவிர.

"தவுக்கே, கீழ்ப்பக்கம் இறங்கிப் பார்த்துட்டு வந்துடறேன்," என்றேன். முதலாளியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"அங்க ஒண்ணும் இல்ல தம்பி. பாதை சரியில்ல. வாங்க போகலாம்," என்று என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். பிடி சற்று இறுக்கமாகவே இருந்தது.

ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் எனக்கு அறை பிடித்துக் கொடுத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் அவருக்குச் சொல்லாமல் காஜா பெராங்குக்கு நடந்தேன். படகுத்துறையோ கள்ளப்பாதையோ இருக்கும் என்று நினைத்துச் சரிவில் இறங்கினேன். இருந்தது ஒரு பழைய மரவீடு. அதன் பின்னால், இடுப்பளவு பலகை வேலிக்குள், மேலே திறந்த குளிக்கும் கிணறு. வேலிக்குப் பின்னிருந்து ஈரத்தலையோடு ஒரு பெண்மணி எழுந்தாள். கெபாயா சட்டையும் சாரோங் கைலியும் அணிந்தவள்; பல தலைமுறைக்கு முன் குடியேறித் தமிழை மறந்துவிட்ட மலாக்கா செட்டி வம்சத்துப் பெண், அறுபது வயதிருக்கும். பெயர் தெய்வானை என்று பிறகு தெரிந்தது, பேசியதோ மலாய்.

"யார் உன்னை எட்டிப் பார்க்க அனுப்பியது?" என்றாள்.

பதில் சொல்லி முடிப்பதற்குள், அறையில் என்னைக் காணாமல் தேடி வந்த ராவுத்தர் மேலிருந்து இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது. நடந்ததை அப்போதுதான் சொன்னார். நிலம் முன்பு அவள் கணவருடையது. விற்கும்போது, கிணற்றை மேலிருந்து யாரும் பார்க்கக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாராம். கணவர் இப்போது இல்லை.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"முன்ன வந்த பிளான்காரரு, அந்தம்மாவ வேற இடத்துக்குக் கெளப்பிடுங்கன்னாரு. நீங்களும் அதத்தான் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

கிணற்றுக்குக் கூரை போடலாமே என்று அவளிடம் மலாயில் கேட்டேன். "உன் வீட்டுக்குக் காற்று வேண்டும் என்பதற்காக நான் இருட்டில் குளிப்பதா?" என்றாள்.

அறையில் உட்கார்ந்து வரைந்தேன். ஜன்னலுக்குப் பதில் சாய்வான பலகை அடுக்கு. வழக்கமாகப் பலகையின் வெளி விளிம்பைத் தாழ்த்துவார்கள், மழை உள்ளே வராது. அப்படி வைத்தால் நேராகக் கிணறு தெரியும். அதனால் வெளி விளிம்பை உயர்த்தினேன். மழைக்கு ஒவ்வொரு மாடிக்கும் அகலமான கூரை நீட்டினேன். உச்சி வெயிலையும் அது தடுக்கும். உள்ளே இருப்பவனுக்குக் காற்று வரும், ஆகாயம் தெரியும், கிணறு தெரியாது.

தெய்வானை படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "காகிதத்தில் எதையும் மறைக்கலாம்."

ஆகவே மறுநாள் ராவுத்தர் சரிவில் மூங்கில் சாரம் கட்டி, மேல் மாடி உயரத்தில் ஒரு பலகை அடுக்கைப் பொருத்தச் செய்தார். நான் ஏறிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"நீ பொய் சொல்வாய். நான் ஏறுகிறேன்."

சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். சாரம் ஆடியது. நானும் ராவுத்தரும் கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். பலகைக்குப் பின்னால் அவள் மறைந்ததும் ராவுத்தர் தமிழில் என்னிடம் சொன்னார்:

"தம்பி, பலகைய ஒரேயடியா ஆணி அடிச்சிடாதீங்க. பின்னால பூசிங் பண்ற மாதிரி வைங்க. அந்தம்மா எத்தன காலத்துக்கு இருக்கப்போவுது?"

தமிழ் அவளுக்குப் புரியாது என்று அவர் குரலைத் தாழ்த்தவில்லை. நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

தெய்வானை நிதானமாக இறங்கி வந்தாள். செருகியிருந்த சாரோங்கை இறக்கிச் சரிசெய்துகொண்டாள். "உங்களைப் பார்க்க முடியவில்லை. காற்றும் நன்றாக வருகிறது," என்றாள் என்னிடம். பிறகு ராவுத்தர் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தமிழ் தெரியாது, தவுக்கே. பூசிங் தெரியும்."

பூசிங் என்றால் மலாயில் திருப்புவது. நம்மவர் பேச்சில் அது எவ்வளவு காலமாகத் தமிழாகக் கிடக்கிறது என்பதை ராவுத்தர் மறந்திருந்தார். அவர் குடையை விரித்துக்கொண்டார். அப்போது வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தெய்வானை அங்கேயே நின்றாள், நான் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பலகைக்கும் இரு முனையிலும் ஆணி வரைந்து முடிக்கும் வரை.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பினேன். கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருப்பது பலகைத் தடுப்புப் போட்ட வரிசை வீடு. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மலாக்கா எப்படி என்று மனைவி கேட்டாள். கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

"ஊர் நல்ல ஊர்தான்," என்றேன். மீதியை அவள் காதருகே போய்ச் சொன்னேன்.