பார்க்கலாம் கேப்டன்

விமான நிலையத்தில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் ‘பார்க்கலாம் கேப்டன்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொன்னாலும் ஒன்றும் ஆகாது. கோபித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சொன்னவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். கேன்டீனில் டீயா காபியா என்று கேட்டால் பார்க்கலாம் என்பார். சாயங்காலம் மழை வருமா என்று கேட்டால், வானத்திலேயே வேலை பார்க்கிற மனுஷன், அதற்காவது ஒரு பதில் சொல்லக் கூடாதா? அதற்கும் பார்க்கலாம்தான்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். பால்கனிக்கு வலை அடிக்கணும் என்று மனைவி சொன்னபோது பார்க்கலாம் என்றார். புறாக்கள் ஜோடியாக வந்து குடியேறி, பேரன் பேத்தியே எடுத்துவிட்டன. மகள் நாய்க்குட்டி கேட்டபோது பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது வெளியூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். நாய்க்குட்டி விஷயம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

மனைவிக்குச் சொந்தமாக ஒரு மருந்துக்கடை. ஒற்றை அலமாரியோடு ஆரம்பித்து, இன்று தெருமுனையில் இரண்டு ஷட்டர் போட்ட கடையாக வளர்த்திருக்கிறாள். டாக்டர்களின் கிறுக்கலை ஒரே பார்வையில் படித்து, மாத்திரையை எடுத்து, உறையில் போட்டு நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறவள். “முடிவெடுக்கிற குணம் இவர்கிட்ட மருந்துக்குக்கூடக் கிடையாது” என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். “மருந்துக்கடைக்காரி சொல்றேன், எங்க கடையிலயும் இதுக்கு மருந்து இல்ல.” வீடு பார்த்தது, மகளைக் காலேஜில் சேர்த்தது, அவருக்குச் சட்டை எடுப்பது எல்லாம் அவள்தான். அது அவருக்கு வசதியாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதே மனுஷன் விமானத்தில் ஏறிவிட்டால் ஆளே வேறு. இடது பக்கத்து இருக்கை கேப்டனுடையது, வலது பக்கம் துணை விமானி. அந்த இடது இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாரோ இல்லையோ, வழவழா கொழகொழாவெல்லாம் எங்கேயோ ஓடிப்போகும். கேட்டதற்குப் பட்டென்று பதில் வரும்.

இதை அவர் மனைவி கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் காதால் கேட்டிருக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு தடவை விமானிகளுக்குப் பரீட்சை உண்டு. அது நெருங்கும்போது சாப்பாட்டு மேஜைதான் அவருக்கு விமானம். இடது நாற்காலியில் அவர், வலது நாற்காலியில் துணை விமானியாக அவள். பனிமூட்டத்தில் இறங்குவதுதான் அவர்கள் அதிகம் ஒத்திகை பார்த்த பாடம். இறங்கும்போது ஒரு உயரம் குறித்து வைத்திருப்பார்கள். அங்கே வந்ததும் துணை விமானி ‘எல்லை’ என்று குரல் கொடுக்க வேண்டும். கேப்டன் அந்த நொடியே பதில் சொல்லியாக வேண்டும். ஓடுபாதை கண்ணுக்குப் பட்டால் ‘தெரியுது’, இறங்கலாம். படாவிட்டால் ‘தெரியல’, உடனே மேலே ஏறிவிட வேண்டும். மூன்றாவதாக ஒரு பதில் கிடையாது. மேலே இதையெல்லாம் இங்கிலீஷில்தான் சொல்வார்களாம். என் மேஜைக்குத் தமிழ் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கடைக்கு வந்த மருந்தைச் சரிபார்த்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘எல்லை’ என்பாள். ‘தெரியல’ என்று அவர் சட்டென்று சொல்வார். இந்த வீட்டில் எனக்கு உடனே பதில் கிடைக்கிற கேள்வி இது ஒன்றுதான் என்று அவள் முணுமுணுப்பாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கம்பெனிக்குக் கெட்ட காலம் வந்தது. பயணிகள் குறைந்து பாதி விமானங்கள் மூலையில் நின்றுவிட்டன. எஞ்சின் வாயைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். விமானிகளைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து பெரும்பாலானவர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அதில் அவர் பெயரும் இருந்தது. காத்திருந்தால் நல்ல காலம் வரும்போது கூப்பிடுவார்களாம், அதே இடது இருக்கை கிடைக்குமாம். விலகிப் போனால் போனதுதான். வேறு எந்தக் கம்பெனிக்குப் போனாலும், தலை நரைத்தவராக இருந்தாலும், வரிசையின் கடைசியில் நின்று வலது இருக்கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து இவருடைய பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிற ஊரில், பார்சல் ஏற்றிப் போகிற சின்ன விமானக் கம்பெனி. ஜெட் இல்லை, இறக்கையில் விசிறி சுற்றுகிற குட்டி விமானம். வலது இருக்கைதான், ஆனால் பறக்கலாம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்.

நம்ம ஆளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முடிவெட்டுகிறவரிடம் யோசனை கேட்டார். லிஃப்டில் சந்தித்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார். மருந்துக்கடையில் போய் நின்றுகொண்டு, மூட்டுவலி மாத்திரைக்கு வந்த பெரியவரிடமும் கேட்டார். பெரியவர் தன் மூட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். கடைசியில் மனைவியிடமே வந்தார். எப்போதும் போல இதையும் நீயே சொல்லிவிடேன் என்றார்.

அவள் அசையவில்லை. “இதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு அந்தக் குட்டி விமானத்துல உட்கார்ந்துக்கிட்டு, எல்லாம் இவளால வந்ததுன்னு என்னைத் திட்டிக்கிட்டே பறப்பீங்க.”

சனிக்கிழமை காலையில் அவருக்கு ஒரு பயணம் இருந்தது. அவரோடு துணை விமானியாக வந்த பெண் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அதனால் விடுப்பில் போகிறவர்களில் அவள் பெயரும் நிச்சயம். இறங்க வேண்டிய ஊரில் பனி. அவள் இங்கிலீஷில் எல்லை என்றாள், அவர் தெரியல என்றார், விமானம் மேலே ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பனி கொஞ்சம் விலகியதும் பூப்போல இறக்கினார்.

விமானத்தை விட்டு நடந்து வரும்போது அந்தப் பெண் அவரை வம்புக்கு இழுத்தாள். “சார், தரையில இருந்திருந்தா பார்க்கலாம்னு சொல்லியிருப்பீங்க, இல்ல?”

அவரும் சிரித்துவிட்டார். “அந்த உயரத்துல பார்க்கலாம்னு இன்னும் கொஞ்சம் கீழ போனவங்க, அதுக்கப்புறம் எதையும் பார்க்கல, ம்மா.”

திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் விமானிகளுக்குக் கூட்டம். டை கட்டிய அதிகாரி ஒருவர் தேன் ஒழுகப் பேசினார். நீங்கள் எல்லாம் எங்கள் குடும்பம் என்றார். குடும்பத்தை வாசலில் நிறுத்தி வைப்பது என்ன வழக்கமோ தெரியவில்லை. அந்தத் துணை விமானிப் பெண் எழுந்து, எப்போது திரும்பக் கூப்பிடுவீர்கள், சுமாராகவாவது சொல்லுங்கள் என்று கேட்டாள்.

அதிகாரி புன்னகையோடு சொன்னார். “பார்க்கலாம்.”

கூட்டத்தில் நாலைந்து பேர் திரும்பி நம்ம கேப்டனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக வாய் ஓயாமல் சொன்ன வார்த்தை, அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சுரீரென்று உறைத்தது. நாய்க்குட்டி கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற மகளின் முகம் கண்ணில் வந்தது. வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணோ பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஓடுபாதை தெரியவில்லை, இனி என்ன யோசனை என்று எழுந்து வெளியே வந்தார். நண்பரைக் கூப்பிட்டு வருகிறேன் என்றார். எதிர்முனையில் நண்பர் நம்பிக்கை வராமல், யார் பேசறது என்று இரண்டு தடவை கேட்டார்.

சாயங்காலம் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு மனைவி வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில், வலது நாற்காலியில், இடுப்புக்கு அவள் வைத்திருந்த குஷனில் சாய்ந்துகொண்டு, அவர் உட்கார்ந்திருந்தார்.

“அது என் நாற்காலி.”

“பழகிக்கிறேன்” என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு முடிவாவது எடுக்க மாட்டாரா என்று ஏங்கியவள்தான். எடுத்துவிட்டார் என்றதும் யோசிக்க வேண்டிய முறை அவளுடையதாகிவிட்டது. காலியாக இருந்த இடது நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு ஷட்டர் போட்ட கடை, மாத்திரை வாங்கிக்கொண்டு மருமகளைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போகிற ஜனங்கள், தூசி தட்டித் தட்டி வளர்த்த அலமாரிகள் எல்லாம் மனதில் ஓடின.

அவர் கெஞ்சவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. “நீயும் வர்றியா?” என்று மட்டும் கேட்டார்.

“பார்க்கலாம்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்ன வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அவர் முகம் சின்னதாகிவிட்டது. பால்கனியில் புறாக்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. இந்த வார்த்தைக்கு எதிரே உட்கார்ந்து காத்திருப்பது எப்படி இருக்கும் என்று முதல் தடவையாக அவர் தெரிந்துகொண்டிருந்தார். பிறகு, வலது நாற்காலிக்காரர் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“எல்லை.”

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“தெரியுது” என்றாள். “அந்த ஊர்ல மட்டும் ஜனங்களுக்கு இருமல் வராதா என்ன?”