முட்டைக்குள் பீரோ

எங்கள் வீட்டுக்கு மூலை கிடையாது. மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சோளக்காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவே, யாரோ சோப்பை நனைத்து வெயிலில் மறந்துவிட்டுப் போனதுபோல, நான்கு முனையும் கரைந்த ஒரு வீடு தெரியும். அது எங்களுடையது. வரைந்தபோது அதற்கு நான்கு மூலைகள் இருந்தன. வரைந்தவள் நான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

கட்டடப் பொறியியல் படித்துவிட்டு சேலம் சூரமங்கலத்தில் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் மனையின் அளவைச் சொல்வதற்கு முன்பே செல்போனை நீட்டுவார்கள். அதில் ஒரு வீட்டின் படம் இருக்கும். மனதுக்குள் அவர்களை வகை பிரித்து வைத்திருக்கிறேன். சீரியலில் பார்த்த வீட்டைக் கேட்பவர்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வீட்டைக் கேட்பவர்கள். எதிர்வீடு மாதிரியே வேண்டும், ஆனால் எதிர்வீடு மாதிரி தெரியக் கூடாது என்பவர்கள். மூன்றாவது வகைதான் அதிகம். ஒரு காலத்தில் எல்லோருக்கும் வளைவு வேண்டியிருந்தது. வாசலுக்கு ஆர்ச், ஜன்னலுக்கு ஆர்ச், பூஜையறைக்கு ஆர்ச், செருப்பு விடும் இடத்துக்குக்கூட ஒரு குட்டி ஆர்ச். பிறகு நேர்கோடு வந்தது. தீப்பெட்டிமேல் தீப்பெட்டியாக அடுக்கி, சாம்பல் நிறம் அடித்து, மாடர்ன் என்றார்கள். ஆர்ச் வைத்தவர்கள் அதை இடிக்க ஆள் தேடினார்கள். அழகு என்பது, என் அனுபவத்தில், போன வருடம் பக்கத்து ஊரில் கட்டிய வீடு.

நான் நேர்கோட்டுக்காரி. அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. செங்கல் நேர், கதவு நேர், கட்டில் நேர், மனிதர்களும் படுத்தால் ஏறக்குறைய நேர். வளைவு எனக்கு ஆகாது என்றும் இல்லை. கிணறு வட்டமாகத்தான் இருக்க வேண்டும். நாலா பக்கமும் மண் நெருக்கும்போது வட்டம்தான் தாங்கும். வேலை செய்கிற வளைவைப்போல அழகு வேறு கிடையாது. வேலையில்லாத வளைவு, கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டியோடு அங்குமிங்கும் நடக்கும் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், ஒரு நாற்காலியை நகர்த்தாது.

அப்பாவுக்கு இது தெரியாததல்ல. முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். ஷெட் கட்டியபோது கயிறு பிடித்தவர் அவரேதான். கிழக்கு மேற்காக நீளம், அதனால் வெயில் உள்ளே விழாது. பக்கவாட்டில் கம்பி வலை, அதனால் காற்று தங்காமல் போகும். சுவர் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர்க் குழாய் கோணும், தீவன வண்டி முட்டும் என்று கொத்தனாரை ஊரே கேட்கும்படி திட்டினார். இந்தப் பக்கத்தில் ஒழுங்காக யோசித்துக் கட்டிய கட்டடம் எது என்று யாராவது கேட்டால், கூச்சப்படாமல் அந்தக் கோழி ஷெட்டைத்தான் காட்டுவேன்.

புது வீடு கட்டலாம் என்று முடிவானபோது அப்பாவுக்கு நிறைய ஆசைகள் இருந்தன. அம்மாவுக்கு ஒன்றே ஒன்று.

“என்ற பீரோ நேரா நிக்கோணும் சாமி. வேறொன்னும் வேண்டாம்.”

அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக சேலத்திலிருந்து லாரியில் வந்த இரும்பு பீரோ அது. பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம், ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. பழைய வீட்டின் தரை சாய்வு என்பதால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். மடித்த அட்டை ஒன்றை இடுக்கில் செருகி, முழங்காலால் இடித்து மூட வேண்டும். அந்த இடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். வீட்டில் மற்ற எல்லாக் கதவுகளும் அப்பாவின் அதிகாரத்தில் இருந்தன. அம்மாவிடம் சாவி கேட்டுத் திறக்க வேண்டிய ஒரே கதவு இதுதான். அது அட்டை இல்லாமல் மூட வேண்டும். கன்னி மூலையில், அதாவது வீட்டின் தென்மேற்கில், சுவரோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். இதைவிடச் சுலபமான ஆசையை யாரும் என் மேசைக்குக் கொண்டுவந்ததில்லை. தென்மேற்கில் படுக்கையறையை வைத்து, அதன் மூலையில் ஒரு செவ்வகம் போட்டு, உள்ளே ‘அம்மா பீரோ’ என்று எழுதினேன். வாஸ்துக்காரர் வரைபடத்தைப் பார்த்து, குறை சொல்ல எதுவும் இல்லாத வருத்தத்தோடு தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க ராசிபுரம் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் பார்த்தார். தூக்குக்குண்டு பிடித்துச் சுவரைப் பார்க்கும் கொத்தனார்கூட ஒரு முறைதான் பார்ப்பார். ஊருக்குப் போய்த் தரகரிடம் சொல்லி அனுப்பினார். தரகர் எதையும் மாற்றாமல் அப்படியே கொண்டுவந்து சேர்த்தார்.

“படிப்பு, வேல எல்லாஞ் சரிங்களாமா. புள்ளதான் ஸ்கேலாட்ட இருக்குதுன்றாங்க.”

அம்மாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு, தொழில்முறையில், அது பாராட்டாகத்தான் பட்டது. வருத்தப்பட்டவர் அப்பா. ஆனால் அவருடைய வருத்தம் என்மேல் நிற்காமல் வீட்டின்மேல் போய் உட்கார்ந்தது. திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் கட்டியிருந்த வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வீட்டின் ஒரு மூலை உருண்டிருந்தது.

“பாரு சாமி, எப்படி வழுவழுனு போகுது. உன்ற ப்ளான்ல எங்க பாத்தாலும் குத்துது.”

“அவங்க ஒரு மூலையத்தானுங்ப்பா உருட்டிருக்காங்க.”

“நாம நாலையும் உருட்டிப்போடலாம். ஒன்ன மட்டும் உருட்டுனா மத்த மூனும் கோவிச்சுக்காதா?”

நான் காரணங்களை வரிசையாகச் சொன்னேன். டைல்ஸைச் சில்லுச் சில்லாக நறுக்க வேண்டும். ஜன்னல் கதவு வளையாது. சாமான் எதுவும் சுவரோடு ஒட்டாது. அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ட்ரேயிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இதுல மூல இருக்குதா? கோழி என்ன இஞ்சினியரிங் படிச்சுதா? அழகுனா இது.”

“முட்டைக்குள்ள யாரும் பீரோ வெக்கறதில்லீங்ப்பா.”

சமையலறையில் அம்மா சிரித்தது கேட்டது. அப்பா முட்டையைத் திரும்ப ட்ரேயில் வைத்தார்.

“அப்பறம் ஏனுங்ப்பா கோழி ஷெட்ட மட்டும் நேரா கட்டுனீங்க?”

“அது கோழி இருக்கற எடம். இது மாப்ள ஊட்டுக்காரங்க வந்து எறங்கற எடம்.”

அதாவது, கோழியை யாரும் பெண் பார்க்க வருவதில்லை. ஆகவே அதற்கு வெயில் படாத, காற்றோட்டமான, நேரான வீடு. என்னைப் பார்க்க வருகிறார்கள்; ஆகவே என்னிடம் இல்லாத வளைவுகளை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வைத்து ஈடுகட்டிவிட வேண்டும். இப்படி ஒரு கணக்கை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேஸ்திரியைத் தடுப்பாகப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. இங்கே வளைக்க முடியுமா? “பண்ணிப்போடலாங்க.” மழைத் தண்ணி எப்படிப் போகும்? “அதையும் பண்ணிப்போடலாங்க.” வளைத்தால் நன்றாக இருக்காதே? “நல்லா இல்லாமயும் பண்ணிப்போடலாங்க” என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். வாரக் கடைசியில் சேலத்திலிருந்து வரும்போதெல்லாம் ஒரு மூலை காணாமல் போயிருக்கும். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“பீரோவுக்கு எடம் இருக்குதா சாமி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்வார். “எல்லாத்துக்கும் எடம் இருக்குது. ரவுண்டு வெச்சா எடம் இன்னும் ஜாஸ்தியாத்தான் ஆகும்.”

ஒரு தனியார் பஸ் டிரைவர் எங்கள் வீட்டைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். சாலையில் எருமை நின்றிருந்ததை நான் சொல்லவில்லை.

பால் காய்ச்சுவதற்கு முந்தைய வாரம், பீரோவுக்கு இடம் குறித்துக் கொடுக்க வாஸ்துக்காரர் வந்தார். அவர் பார்த்துத் தலையாட்டியது என் பழைய வரைபடத்தை. நடுவில் நடந்தது முகப்பு அலங்காரம்தானே, அதை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று அப்பா இருந்துவிட்டார். அவர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு படுக்கையறைக்குள் நுழைந்தார். தெற்குச் சுவரை ஒட்டியே நடந்தவர், நிற்காமல் போய் மேற்குச் சுவரில் இருந்தார். திரும்பி நடந்தார். மறுபடியும் தெற்குக்கு வந்துவிட்டார்.

“ஏனுங்க, மூல எங்கீங்க?”

“இதானுங்க” என்று அப்பா வளைவின் நடுவில் கையை வைத்தார்.

“இது மூலயில்லீங்க, திருப்பம். ரோட்டுல போர்டு வெப்பாங்களே, அது.”

“கொஞ்சம் உருட்டிருக்குதுங்க, அவ்வளவுதான்.”

“மூலைய உருட்டிப்போட்டா அப்பறம் மூல ஏதுங்க? கன்னி மூல இல்லாத ஊட்ட நான் இப்பத்தானுங்க பாக்கறேன்.”

மற்ற மூலைகளாவது இருக்கின்றனவா என்று வீட்டைச் சுற்றித் தேடினார். ஈசானி மூலை இல்லை, அக்னி மூலை இல்லை, வாயு மூலையும் இல்லை. எட்டுத் திசைகளில் பாதியை அப்பா ஒழித்திருந்தார்.

அம்மா கதவுப் பக்கத்தில் நின்றிருந்தார். “அப்ப என்ற பீரோ எங்கீங்க நிக்கறது?” என்று பொதுவாகக் கேட்டார்.

தெற்குச் சுவரில் ஜன்னல், மேற்கில் பாத்ரூம் கதவு, மற்ற இரண்டு பக்கமும் வாசலும் அலமாரியும். மிச்சம் இருந்தது வளைவு மட்டும். அங்கே வைத்தால் பீரோவின் இரண்டு தோளும் சுவரில் முட்டி, முதுகுக்குப் பின்னால் பூனை குட்டி போடும் அளவுக்கு இடம் விட்டிருக்கும்.

கடைசியில் வாஸ்துக்காரரே வழி சொன்னார். “உள்ளுக்குள்ள ரெண்டு நேர் செவுரு எழுப்பி மூலைய வர வெச்சுருங்க. வெளிய ரவுண்டு பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.”

“பண்ணிப்போடலாங்க” என்றார் மேஸ்திரி.

அப்படியாக எங்கள் படுக்கையறைக்குள் ஒரு மூலை கட்டப்பட்டது. வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவே யாரும் போக முடியாத ஒரு சந்து அடைபட்டது. அந்தச் சந்தின் வாஸ்து எப்படி என்று நான் கேட்டதற்கு அப்பா முறைத்தார். ஜன்னலில் பாதி மறைந்தது. அறை சுருங்கியது. நான் டேப் பிடித்து அளந்து, நிலவரத்தைச் சொன்னேன்: கட்டில் உள்ளே இருந்தால் பீரோவின் கதவு பாதிதான் திறக்கும். இரண்டில் ஒன்றுதான் இங்கே இருக்கலாம்.

“பீரோவக் கோழித் தீவன ரூமுல வெச்சுப்போடலாம்” என்றார் அப்பா. “அங்க செவுரு நேராத்தான் இருக்குது.”

இவ்வளவுக்கும் பிறகு அதைச் சொல்ல அவருக்கு வாய் வந்தது எனக்கே திகைப்பாக இருந்தது. அம்மா திகைக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“கட்டல வெளிய எடுங்க.”

“எடுத்து எங்க போடறது?”

“ஹால்ல போடுங்க. அங்கதான் ரவுண்டு நல்லாத் தெரியுது. ஆசப்பட்டுக் கட்டுனீங்க, பக்கத்துலயே படுத்துக்குங்க.”

“நீ?”

“நான் பாய் போட்டுக்குவேன்.”

“மாப்ள ஊட்டுக்காரங்க வந்தா?”

“எந்திரிச்சு உக்காந்துக்குங்க.”

பண்ணையாட்கள் பீரோவைத் தூக்கிவந்து மூலையில் நிறுத்தினார்கள். நான் ரசமட்டத்தை அதன் தலைமேல் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. அம்மா பூட்டைத் திறந்து, கதவைக் கொஞ்சம் இழுத்து, கையை எடுத்துவிட்டார். கதவு விட்ட இடத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் திறந்தார், அங்கேயும் நின்றது. பிறகு இரண்டு விரலால் மூடினார். பழைய அட்டை அவர் இடுப்பில் இருந்தது. அதை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

“கட்டலு ஆடுனா வெச்சுக்குங்க.”

ஹாலில் கட்டில் வளைவை ஒட்டிக் கிடக்கிறது. ஒட்டி என்பது பேச்சுக்கு. இரண்டு முனைகள் சுவரைத் தொடுகின்றன, தலைமாட்டில் ஓர் இடைவெளி. மதியம் அப்பா கண்ணயர்ந்தால் தலையணை அதற்குள் விழுந்துவிடும். அவர் மண்டியிட்டுக் கையை விட்டுத் துழாவி எடுப்பார்.

போன மாதம் இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீட்டின் முகப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று அப்பா அவர்களைப் போர்ட்டிகோவிலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார். வெயில் என்று அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். காபி வாங்கும்போது அவருடைய செல்போன் நழுவி அந்த இடைவெளிக்குள் போனது. அப்பா வெள்ளை வேட்டியோடு கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து அதை மீட்டுக் கொடுத்தார்.

“ஊடு வழுவழுனு நல்லாத்தானுங்க இருக்குது” என்றார் அந்த அம்மா, போனைத் துடைத்துக்கொண்டே. “ஆனா எதுவுமே நிக்காதாட்ட இருக்குது.” பிறகு தலைமுடியைச் சரிசெய்ய அம்மாவின் அறைக்குள் போனவர், கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து கேட்டார்: “அந்தப் பீரோ எங்கீங்க வாங்குனது?”

அவர்கள் போன பிறகு அப்பா வேட்டியில் ஒட்டியிருந்த நூலாம்படையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், ஏதோ வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலக் கேட்டார்.

“சாமி, இந்த ஹாலுக்குள்ள ஒரு நேர் செவுரு வெச்சா எப்படி இருக்கும்?”

“பண்ணிப்போடலாங்ப்பா” என்றேன்.

உள்ளே அம்மா பீரோவைத் திறந்து, மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு மூடினார். மூடிய சத்தம்கூட வெளியே கேட்கவில்லை.