சின்னம் அடித்த நாலாயிரம் பனியன்

அன்றைக்கு என் பெருமாநல்லூர் பிரிண்டிங் ஷெட்டில் இருந்தவர்கள்: நான், டேபிளில் பிரிண்ட் அடிக்கும் முருகேசன், அடித்த பீஸைக் காயப்போட்டு மடிக்கும் ஜெபமணி, ஆர்டர் கொண்டுவந்த கட்சிக்காரர் லோகு. காரை விட்டு இறங்காத அவர் டிரைவரையும் சேர்த்தால் ஐந்து பேர்.

2009 பாராளுமன்றத் தேர்தல் வரப்போகிற நேரம். எக்ஸ்போர்ட் ஆர்டர் நின்றுபோய் டேபிள் பாதி நாள் சும்மா கிடந்தது. லோகு நாலாயிரம் பனியன் கொண்டுவந்து இறக்கினார். கட்சிச் சின்னம் இரண்டு கலரில் அடிக்க வேண்டும்.

"கூட்டணில இன்னும் சீட் பிரிக்கலைங்களே?" என்றேன்.

"ஏனுங்க, இப்படிப் பயந்தா ஷெட்டு நடத்த முடியுமுங்களா? திருப்பூர் பேர்ல புதுசாப் பிரிச்ச தொகுதி. சீட் நம்முளுதுதான். தேதி அறிவிச்சுட்டா கெடுபிடி ஆயிரும், அதுக்குள்ள அடிங்க."

முருகேசன் என்னைக் காட்டிச் சிரித்தான். "அண்ணன் ஃபேனுக்கு அடியிலயே உக்கார மாட்டாருங்க, விழுந்துருமாம்."

"பில்லு, டெலிவரி சலான் எதுவும் வேண்டாமுங்க. எழுதுனா வேட்பாளர் செலவுக் கணக்குல ஏறிப்போயிரும்" என்றார் லோகு.

ஏழாவதோடு நின்றவன் நான். ஆனால் சலான் இல்லாமல் ஒரு டஜன்கூட வெளியே விட்டதில்லை. அன்றைக்குச் சரி என்று தலையாட்டினேன்.

பிரிண்டிங் மை விற்கிற கடையில் எனக்குக் கடன் நிறுத்தியிருந்தார்கள். மை வாங்கவும் ஸ்கிரீன் போடவும் ஏழாயிரம் வேண்டும். என்னிடம் இருந்தது ஜெபமணியின் பணம். கையில் இருந்தால் கரைந்துவிடும் என்று தீபாவளிக்குப் பிறகு தன் சம்பளத்தில் வாரம் நானூறு பிடித்து வைக்கச் சொல்லி அதுதான் என்னிடம் கேட்டிருந்தது. பதினெட்டு வாரம், 7,200. அதன் மகள் பிளஸ் டூ. ஜூனில் நர்சிங் சேர்க்க முதல் தவணைக்கு அந்தப் பணம்.

"உன் பணத்தக் கொஞ்சம் புரட்டிக்கிறேன் கண்ணு" என்றேன். எதற்கென்று சொல்லவில்லை. அது தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு, விவரமானது.

"இந்த பனியனுக்கா அண்ணாச்சி? அவியளுக்கு சீட் கெடைக்கலைன்னா என்ன செய்வீய?"

"கிடைக்கும்" என்றேன். லோகு சொன்னதைத்தான் நான் சொன்னேன்.

அதன்பிறகு தினமும் பயந்தேன். மை சரியாகக் காய்ந்ததா, துவைத்தால் உரியுமா, கலர் ஒன்று தள்ளி விழுந்ததா? ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

ஒரு மத்தியானம் டீக்கடை டிவியில் தொகுதிப் பட்டியல் ஓடியது. திருப்பூர், கூட்டணிக் கட்சிக்கு. அவர்கள் சின்னம் வேறு.

லோகுவுக்கு போன் போட்டேன்.

"நம்ம சின்னத்த இங்க இனி எவன் போடுவான்? சரக்கு எனக்கு வேண்டாமுங்க."

"வேலை முடிஞ்சுதுங்களே. அடிச்ச கூலி, மை வாங்குன காசு..."

"நான் ஆர்டர் குடுத்தன்னு பில்லு இருந்தாக் காட்டுங்க."

தின்னர் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். மை போகவில்லை, பனியன்தான் ஓட்டையானது. கடைசியில் மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியாகக் கிலோ கணக்கில் விற்றேன். முருகேசன் கூலி போக 1,800 மிஞ்சியது.

ஓட்டு எண்ணியதில் அந்தக் கூட்டணிக் கட்சியும் தோற்று, தொகுதி எதிர்ப்பக்கம் போனது. ரோட்டில் வெடிச்சத்தம். ஜெபமணி மகளின் மார்க்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தது. அந்த 1,800ஐக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "மிச்சம் அண்ணாச்சி?" என்றது.

"கொஞ்சம் பொறு கண்ணு."

"காலேசுல பொறுக்க மாட்டாவளே."

அது சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஜூன் கடைசியில் ஜெபமணியும் மகளும் குடியிருந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். மூன்று வருடம் வேலை செய்தால் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்கிற மில்லில் மகளைச் சேர்த்துவிட்டதாக முருகேசன் சொன்னான். எந்த மில் என்று அவனுக்கும் தெரியவில்லை. ஜெபமணியின் போன் நம்பர் வேறு யாரிடமோ போய்விட்டது.

புதிதாக ஷெட் போடுகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பயப்படுகிறவன் ஜாக்கிரதையானவன் என்று நினைக்காதீர்கள். நான் மை உரியுமோ என்று பயந்தேன், கலருக்குப் பயந்தேன். அட்வான்ஸ் கேட்க மட்டும் வாய் வரவில்லை. நட்டப்படுவதாக இருந்தால் சொந்தக் காசில் படுங்கள், அடுத்தவர் கூலியைத் தொடாதீர்கள்.

லோகுவிடம் வரவேண்டியதை எப்போதோ விட்டுவிட்டேன். நான் ஜெபமணிக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் ஐயாயிரத்து நானூறு ரூபாய்.